விளக்கணைந்த வீடுகள்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு நம் மலையுச்சியில் சுடர் எழுந்ததும் ஊர் முழுவதும் அண்ணாந்து நிற்கும். எம்மதத்தினராயினும் அந்த ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். பதினொரு நாள்கள் அச்சுடர் எரியும். அந்நாள்களில் நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இலட்சக்கணக்கான மக்கள் கூடுவதால், மலை சுற்றும் பாதைக்கு அருகிலுள்ள மதுக்கடைகளைச் சில நாள்கள் மூடும்படி மாவட்ட ஆட்சித் தலைவர் ஆணையிடுவது வழக்கம்.

தீப விடுமுறை முடிந்து வந்த அன்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, "இந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்" என்றாள். பண்டிகைச் செய்தி சொல்கிறாள் என்று நினைத்தோம். "கடை மூடியிருந்தது" என்றாள். அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள்.

அன்புத் தோழியரே! 'போதைப் பழக்கமும் சமுதாயமும்' என்ற கட்டுரையை நாம் ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதி வருகிறோம். முன்னுரை, தீமைகள், தடுக்கும் வழிகள், முடிவுரை; பத்துக்கு எட்டு மதிப்பெண். அந்தக் கட்டுரையை எழுதிய கையோடு வீட்டுக்குப் போய், குடித்துவிட்டு வந்த தந்தைக்குக் கதவு திறக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எனவே இம்முறை தலைப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உள்ளபடியே எழுத முற்படுகிறோம்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

சாத்தனூர் அணைக்குத் தெற்கே போனால் கல்வராயன் மலையும் கள்ளக்குறிச்சி மாவட்டமும் வந்துவிடும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் பொட்டலங்களில் விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, பேதி, கண் மங்கல் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படுக்கைகள் நிறைந்தன. அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்பவர்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தனர். தாய், தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த பிள்ளைகளும் இருந்தனர்.

ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்த அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே போன்ற சாவுகள் நிகழ்ந்திருந்தன. ஓராண்டு கழித்து மீண்டும் நடந்ததே என்பதுதான் எங்களுக்கு ஆறாத வருத்தம்.

இரண்டிலும் உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள், குடிப்பதற்கன்று. சாதாரண மதுவில் உள்ள எத்தனாலைப் போலவே நிறமற்றது. மணமும் ஏறத்தாழ அப்படியே. குடிப்பவனுக்கு வேறுபாடு தெரியாது. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். இரத்தத்தின் அமிலத்தன்மையை உயர்த்தி மூச்சையும் இதயத்தையும் நிறுத்தும். பத்து மில்லிலிட்டர் அளவே பார்வையைப் பறிக்கப் போதும் என்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தே அறிகுறிகள் தோன்றும். அதற்குள் "எனக்கொன்றும் ஆகவில்லையே" என்று அடுத்த பொட்டலத்தையும் பிரித்திருப்பார்கள்.

காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் சென்றால் காப்பாற்ற வழியுண்டு. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். ஆனால் காவலர் பிடிப்பார்கள் என்றும், ஊர் பேசும் என்றும் அஞ்சி வீட்டிலேயே படுத்துவிடுகிறார்களே, அவர்களை என்ன செய்வது? கண் மங்குகிறது என்று குடித்தவர் சொன்னால், அதுவே ஓட வேண்டிய நேரம். இந்த ஒரு வரியை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் மாத இறுதியில் சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும் பத்து இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று ஆக்கப்பட்டது. நம் மாவட்டத்து ஜவ்வாது மலையிலும் ஊறல்களைக் காவலர் கண்டுபிடித்துக் கொட்டி அழிக்கும் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது.

பாடநூலில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும்

எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' என்றொரு பாடம். அதில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் தயாரிக்கும் முறை உள்ளது. ஈஸ்டில் உள்ள நொதிகள் சர்க்கரையைப் பிளந்து எத்தனாலாக்குகின்றன. ஐந்து மதிப்பெண் வினா, எல்லோருக்கும் மனப்பாடம். பாடத்தை நடத்திய ஆசிரியை, "இதுவரை தொழிற்சாலையில் நடப்பதைப் பார்த்தோம். இனி வயிற்றில் நடப்பதைப் பார்க்கலாம்" என்று கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் தொடங்கினார்.

குடித்த மது வயிற்றிலும் சிறுகுடலிலும் இருந்து நேரே இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. முதலில் மயங்குவது எது தெரியுமா? நல்லது கெட்டது பார்த்து நம்மை அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதி. அதனால்தான் அடக்கமானவர் சத்தம் போடுகிறார். அன்பானவர் கை ஓங்குகிறார். அந்த முன்மூளை முழுமையாக வளர ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகும் என்பது அறிஞர் கருத்து. பதினைந்து வயதுப் பையன் குடிக்கத் தொடங்கினால் கட்டி முடியாத வீட்டின் அடித்தளத்தில் தண்ணீர் விடுவதற்கு ஒப்பாகும்.

கல்லீரல் எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, பிறகு அதைத் தீங்கற்றதாக ஆக்க முயல்கிறது. நாள்தோறும் இதே வேலை கொடுத்தால் அது என்ன செய்யும்? கொழுப்பு படியும், பிறகு அழற்சி வரும், கடைசியில் தழும்பேறிச் சுருங்கிவிடும். கண் மஞ்சளாகி, வயிறு நீர்கோத்து, இரத்த வாந்தி எடுக்கும் நிலைக்கு வந்தபின் 'குடியை விட்டுவிட்டேன்' என்பவர்கள் எத்தனை பேர்! வாய், தொண்டை, உணவுக்குழாய், குடல், மார்பகம் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கும் மது ஒரு காரணம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்தனர். அதே ஆண்டில் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நம் நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு மருத்துவ உதவி தேவை என்றும் கூறியது.

கோடிக் கணக்கெல்லாம் எங்களுக்கு மனத்தில் நிற்பதில்லை. ஆகவே கணித நோட்டில் ஒரு சிறு கணக்குப் போட்டோம். 2024 பிப்ரவரியில் சாதாரண ரக மது 180 மில்லிக்கு 140 ரூபாய் ஆயிற்று. நாளொன்றுக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 4,200 ரூபாய். ஆண்டுக்கு 51,100 ரூபாய். அதே தந்தையின் மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு ஒரு கையால் தருவதைப் போல நான்கு மடங்குக்கு மேல் மறு கையால் வாங்கிக்கொள்கிறது என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். கணக்கில் பிழை இல்லை.

மூடுவதும் திறப்பதும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆகவே இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் இதற்கெதிராகத் தெருவில் இறங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாகப் படித்தோம். பெரியார் தமக்குச் சொந்தமான தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார்.

1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் போகிறதே என்று கேட்டவர்களுக்கு விடையாக 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பிறகு நடந்தவற்றைச் சமூக அறிவியல் ஆசிரியை பலகையில் எழுதியபோது வகுப்பே சிரித்துவிட்டது. 1971இல் திறப்பு, 1974இல் மூடல், 1981இல் திறப்பு, 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம், 1987இல் சாராயமும் கள்ளும் நிறுத்தம், 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதற்கும் தடை, 2003 முதல் சில்லறைக் கடைகளும் அரசின் கையில்! சிரிப்பு அடங்கியபின் ஆசிரியை 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாயை எழுதினார். 45,800 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

முழு மதுவிலக்கு வேண்டும் என்றும், மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்றும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு நடைமுறையில் இருந்தும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் பலரைப் பலிகொண்டது. கடைகள் திறந்தே இருந்த தமிழ்நாட்டிலும் கள்ளக்குறிச்சி நடந்தது. 140 ரூபாய் இல்லாதவன் 60 ரூபாய்க்குக் கிடைப்பதைத் தேடிப் போகிறான். எனவே கடை இருந்தால் கள்ளச்சாராயம் இராது என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. 2023 ஜூனில் அரசு 500 கடைகளை மூடியது. அப்படிப் படிப்படியாகக் குறைப்பதும், பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகே ஒன்றுகூட இல்லாமல் செய்வதும் நடக்கக்கூடியவை என்பதே எங்களில் பெரும்பாலோரின் முடிவு. சிறுபான்மையோர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒருத்தி எழுந்து, "கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். அருட்சகோதரி சற்று நேரம் எங்களைப் பார்த்தார். "அங்கே காலியாக இருந்த சாடிகள் நிரம்பின, அம்மா. இங்கே நிரம்பியிருந்த பானைகள் காலியாகின்றன" என்றார்.

ஒரு பாடப்புத்தகம் செய்த வேலை

எங்களை மிகவும் கவர்ந்தது ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்துக் கதை. 1990களின் தொடக்கத்தில் அங்கே முதியோர் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலில் வேலை செய்த பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட பாடநூலில், குடிகாரக் கணவன்மாரால் அல்லற்பட்ட பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடியதாக ஒரு கதை இருந்தது. கதையைப் படித்த துபகுண்டா என்னும் சிற்றூர்ப் பெண்கள் நாமும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார்கள். செய்தும் விட்டார்கள்! சாராயம் ஏற்றி வந்த வண்டியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ரோசம்மா என்ற உழைக்கும் பெண்.

துபகுண்டாவைப் பார்த்து அடுத்த ஊர், அதைப் பார்த்து அதற்கடுத்த ஊர் எனப் பரவியது. 1992இல் சாராயக் கடைகளுக்கான ஏலம் நடக்கும் இடத்திற்கே பெண்கள் திரண்டு சென்றனர். ஏலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும் அக்டோபர் முதல் நாளிலிருந்து மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் வருவாய்க் குறையைக் காட்டி அது தளர்த்தப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் 'அ, ஆ' படிக்க வந்த பெண்கள் ஓர் அரசாங்கத்தை அசைத்தார்கள் அல்லவா? பாடப்புத்தகத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் புரட்டும் எங்களுக்கு அது சற்று வெட்கமாகக்கூட இருந்தது.

புகையிலையும் மாத்திரையும்

மற்றப் போதைப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறோம். எங்களுக்கு அனுபவம் குறைவு. குட்கா 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இருந்தும் உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்களின் காலி உறைகளை வாய்க்கால் ஓரத்தில் பார்க்கிறோம். நம் ஊருக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்களோடு கலந்து கஞ்சா விற்பவர்களும் வருகிறார்கள். கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றம். 'அது மூலிகைதானே, சாமியார்கள் பிடிப்பதுதானே' என்று அண்ணன்மார் சொன்னால் நம்பாதீர்கள். இளம் வயதில் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக வாங்கும் வழக்கமும் பரவுகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றைக் கேட்டு வரும் சிறுவனுக்குக் கடைக்காரர் 'இல்லை' என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுச் செய்தி

தோழியின் வீட்டை மட்டும் எழுதிவிட்டு எங்கள் வீட்டை மறைப்பது முறையன்று. எங்கள் சித்தப்பா தச்சு வேலை செய்பவர். கோயில் தேர் வேலை பார்த்தவரிடம் தொழில் கற்றவர். அவர் செய்த நாற்காலி ஆடாது என்பார்கள். பின்னர் அவருடைய கையே ஆடத் தொடங்கியது. காலையில் ஒரு வாய் ஊற்றினால்தான் இழைப்புளி பிடிக்க முடியும் என்ற நிலை வந்தது.

நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறோம். முதலில் மறைத்தோம். வேலைக்கு ஏன் வரவில்லை என்று ஆள் வந்தால், "காய்ச்சல்" என்று சொல்லச் சொல்வார்கள், சொல்வோம். தோழியரை வீட்டுக்கு அழைத்ததே இல்லை. பாட்டி, சுவரொட்டியைப் பார்த்து, 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்' என்ற பொடியை மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி இரசத்தில் கலந்தார். சித்தப்பா வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். விஷயம் தெரிந்தபின் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். டைசல்ஃபிரம் போன்ற மருந்து எடுத்திருக்கும்போது மது உள்ளே போனால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவரின் சம்மதத்தோடு மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதைத் தர வேண்டும் என்று பின்னால்தான் அறிந்தோம். பாட்டியைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை.

அடுத்து, சத்தியம் வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி பிள்ளைகளின் தலையில் அவர் கையை வைத்து இனிக் குடிப்பதில்லை என்று சொல்ல வைத்தார். சித்தப்பா அழுதுகொண்டே சொன்னார். சொன்னபடி நிறுத்தியும் விட்டார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் இரவு உடல் முழுவதும் நடுங்கி, வியர்த்து, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார். விடியற்காலையில் வலிப்பு வந்தது. பேய் பிடித்துவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார்.

அரசு மருத்துவமனையில் இருந்த மருத்துவர் அம்மையார்தான் எங்களுக்கு விளக்கினார். பல ஆண்டுகளாக நாள்தோறும் மதுவில் ஊறிய மூளை, அது திடீரென நின்றால் கட்டுக்கடங்காமல் துள்ளும், இரண்டு மூன்று நாள்களில் நடுக்கம், மாயத் தோற்றம், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஆகவே அதிகமாகக் குடிப்பவர்களை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் வைத்து மருந்தால் மெல்ல இறக்க வேண்டும். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். "அவர் கெட்டவர் அல்லர், நோயாளி. ஆனால் நோயாளி என்பதற்காக அவர் செய்ததெல்லாம் சரியென்று ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த இரண்டையும் சேர்த்து நினைப்பது எவ்வளவு கடினம் என்பது அப்படி ஒருவருடன் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் குடித்தார். சித்தி தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். மீண்டும் மருத்துவமனை. இப்படித் திரும்ப விழுவது இந்நோயில் வழக்கம்தான் என்றும், அதற்காகக் கைவிடக் கூடாதென்றும் சொன்னார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடிநோயால் 1979இல் தம் கணவரை இழந்து, அடுத்த ஆண்டே அவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கிக் குடிநோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார் என்றும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். இறந்துபோன கணவரின் நோயை ஊருக்குச் சொன்ன அந்தத் துணிவை நினைத்தே சித்தி திரும்பி வந்தார் எனலாம்.

சித்தப்பாவை நிலைக்க வைத்தது, அவரைப் போன்றவர்கள் வாரந்தோறும் கூடும் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீண்ட ஒரு தரகரும் குடித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இவ்வமைப்பு. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்வார், மற்றவர் கேட்பார்கள். 'இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்' என்பதற்கு மேல் சத்தியம் இல்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கும், ஏன், எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும்கூடத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. இந்தக் கூட்டங்களெல்லாம் தோன்றுவதற்கு முன்பே, டப்ளின் நகரில் பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கிய மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி 1884இல் விட்டவர், 1925இல் இறக்கும்வரை தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. அவர் படத்தை அருட்சகோதரி சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார், பட்டறையில் மாட்டியிருக்கிறார்.

பெற்றோர்களே, யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்களுக்காக ஒன்று: 14446 என்ற எண்ணில் அழைத்தால் போதை மீட்பு ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போவது அவமானம் என்று எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படி எண்ணியே நான்கு ஆண்டுகள் போயின.

சித்தப்பா விட்டு ஓராண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. தோழி வீட்டுச் செய்தியைப் பெயர் சொல்லாமல் அவரிடம் சொன்னோம். சற்று நேரம் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு வா. அவர்கள் சரியென்றால் நானே போகிறேன்" என்றார். தோழியின் தாயார் சம்மதித்தார். சென்ற ஞாயிறு மாலை சித்தப்பா சைக்கிளில் போனார். தோழியின் தந்தை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர்கள் வீட்டில் கால் ஒடிந்து கிடந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதைச் சரிசெய்து முடித்துவிட்டார். வரும் ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.